டயல்ல ஒரு பேரு, உள்ள வேற பேரு: பழைய ராணுவ டைவ் வாட்ச்சை யார் செஞ்சாங்க?

இந்த எபிசோட் ஒரு நேயரோட மெயில்ல இருந்து ஆரம்பிக்குது. அவர் எழுதினது இது:

"ப்ரோ, ஒரு வருஷமா சேர்த்து வச்ச காசு இருக்கு. 1970-கள்ல பிரெஞ்சு கப்பற்படைக்குக் குடுத்த டைவ் வாட்ச்னு சொல்லி ஒருத்தர் ஆன்லைன்ல விக்கிறார். டயல்ல டியூடர்னு இருக்கு. பக்கவாட்டுத் திருகுல ரோலெக்ஸ் கிரீடம் இருக்கு. பின்மூடியிலயும் ரோலெக்ஸ் பேரு. உள்ள ஓடுற எந்திரத்துல ஈடிஏன்னு போட்டிருக்கு. ஒரே வாட்ச்ல மூணு கம்பெனி பேரு. இது அங்கங்க கிடைச்சதை எடுத்து ஒட்டுப்போட்டதா?"

நல்ல கேள்வி. பயமும் நியாயமானதுதான். ஆனா பதிலை ஒரு வரியில சொல்ல முடியாது. பழைய ராணுவ டைவ் வாட்ச் எதை எடுத்தாலும், "இதை யார் செஞ்சாங்க?"ங்கிற கேள்விக்கு ஒரே ஒரு பேரு பதிலா வர்றது அபூர்வம். ஏன் அப்படின்னு புரிஞ்சுக்கிட்டா, அந்த மூணு பேரைப் பார்த்துப் பயப்படணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணலாம்.

ஒரு வாட்ச்ல எத்தனை கம்பெனி?

முதல்ல வாட்ச்சை மூணு பாகமா பிரிச்சுக்குவோம். வெளிக்கூடு, அதாவது கேஸ். தண்ணி உள்ள வராம பார்த்துக்க வேண்டியது இதோட வேலை. அடுத்தது உள்ள ஓடுற எந்திரம், அதாவது மூவ்மென்ட். மூணாவது டயலும் முள்ளும், அதுமேல பூசுற இருட்டுல ஒளிருற பெயின்ட்டும்.

சுவிட்சர்லாந்தோட ஜூரா மலைப் பகுதியில இந்த மூணையும் ஒரே கூரைக்குக் கீழ செய்யணும்னு யாரும் நினைக்கல. ஒரு ஊர்ல எந்திரத்தோட அடிப்படைப் பாகங்கள், இன்னொரு ஊர்ல கேஸ், வேறொரு ஊர்ல டயல். இதையெல்லாம் வாங்கிச் சேர்த்து, சரிபார்த்து, தன் பேரைப் போட்டு விக்கிறதுக்கு ஒரு கம்பெனி. இந்த முறைக்கு எடாப்ளிசாஜ்னு பேரு. 19-ஆம் நூற்றாண்டுல இருந்தே அங்க தொழில் நடந்த விதம் இதுதான். இதுல ஏமாத்து வேலை எதுவும் கிடையாது.

நான் எழுதுற ஆப்புல எங்க கம்பெனி லோகோதான் இருக்கும். உள்ள திறந்து பார்த்தா முக்கால்வாசி யாரோ எழுதின லைப்ரரி. அதுக்காக ஆப் எங்களோடது இல்லைன்னு யாரும் சொல்றதில்ல. எதை எங்க இருந்து எடுத்தோம், ஏன் எடுத்தோம், எல்லாம் சேர்ந்து ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்த்தோமா, இதெல்லாம்தான் எங்க பொறுப்பு. வாட்ச் விஷயத்துலயும் அந்தக் கேள்விகளைத்தான் கேட்கப் போறோம்.

இத்தாலியோட வாட்ச், சுவிஸ் உடம்பு

1930-களோட நடுப்பகுதி. இத்தாலியக் கப்பற்படைக்கு ஒரு விசித்திரமான தேவை வந்தது. ரப்பர் உடை போட்ட ரெண்டு பேர், டார்பிடோ மாதிரி ஒரு வண்டிமேல குதிரையில உட்கார்ற மாதிரி கால் போட்டு உட்கார்ந்து, தண்ணிக்கு அடியில எதிரித் துறைமுகத்துக்குள்ள போகணும். கப்பலோட அடியில வெடியை மாட்டிட்டுத் திரும்பணும். அந்த வண்டியை ஓட்டினவங்க அதுக்கு வச்ச செல்லப்பேரு மையாலே, அதாவது பன்றி. ஓட்டுறது அவ்வளவு பாடு!

ராத்திரி, கடலுக்கு அடியில எதுவும் தெரியாது. திசைகாட்டி, ஆழமானி, வாட்ச், இந்த மூணும்தான் கண்ணு. இவ்வளவு நேரம் இந்தத் திசையில போனோம்னா இங்க இருக்கோம்னு கணக்குப் போடணும். இருட்டுல வாட்ச் தெரியலன்னாலோ, உள்ள தண்ணி போயிட்டாலோ அந்தக் கணக்கு அங்கேயே முடிஞ்சது.

கப்பற்படைக்கு ஏற்கனவே கருவிகள் செஞ்சு குடுத்துக்கிட்டிருந்தது புளோரன்ஸ் நகரத்துல இருந்த பனேராய் குடும்பம். குறிபார்க்குற கருவி, ஆழமானி, நீர்மூழ்கி வீரர்களுக்கான திசைகாட்டி எல்லாம் அவங்க செஞ்சதுதான். ரேடியம் கலந்த ஒளிருற பெயின்ட்டும் அவங்ககிட்ட இருந்தது. அதுக்கு ரேடியோமிர்னு பேரு வச்சிருந்தாங்க. ஆனா வாட்ச் செய்யுற தொழிற்சாலை அவங்களுக்குக் கிடையாது. புளோரன்ஸ்ல அவங்களுக்கு ஒரு வாட்ச் கடை இருந்தது. அங்க வித்ததுல ரோலெக்ஸும் ஒண்ணு.

அதனால கேஸ் ரோலெக்ஸ்கிட்ட இருந்து வந்தது. தண்ணி புகாத கேஸை 1926-லயே ஆய்ஸ்டர்ங்கிற பேர்ல சந்தைக்குக் கொண்டு வந்த கம்பெனி அது. பனேராய்க்கு வந்தது 47 மில்லிமீட்டர் அகலத்துல, தலையணை மாதிரி உப்பின கேஸ். சேகரிக்கிறவங்க அதை 3646-னு மாடல் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. உள்ள இருந்த எந்திரம் பாக்கெட் வாட்ச் அளவுல பெருசு. ரோலெக்ஸ் வழியா வந்த அதைச் செஞ்சது, பெர்ன் மாநிலத்துல கோர்டெபேர்ங்கிற ஊர்ல, ஊர்ப் பேரையே தன் பேரா வச்சிருந்த இன்னொரு கம்பெனி.

பனேராய் தன் பங்குக்கு டயலை யோசிச்சது. ரெண்டு தட்டு. மேல் தட்டுல எண்களோட வடிவத்துல ஓட்டை வெட்டி, ரெண்டுக்கும் நடுவுல ஒளிருற பொருளை வச்சாங்க. வெளிச்சம் ஓட்டை வழியா எண்ணா தெரியும். மேல பூசுற பெயின்ட்டைவிட நிறைய பொருளை உள்ள வைக்கலாம்.

சில டயல்கள்ல ரேடியோமிர் பனேராய்னு பேரு இருக்கும். சிலதுல எந்தப் பேருமே இருக்காது. பின்மூடியைத் திறந்தா உள்பக்கம் ரோலெக்ஸ் முத்திரை. ஆக, இத்தாலிய வாட்ச்சா, சுவிஸ் வாட்ச்சான்னு கேட்டா, தேவையும் டயலும் இத்தாலி, உடம்பும் இதயமும் சுவிஸ்.

இந்த வேலை எவ்வளவு பெரிய விஷயத்துக்குப் பயன்பட்டதுன்னு தெரிஞ்சுக்க ஒரு ராத்திரி போதும். 1941 டிசம்பர் 18 இரவு, ஷிரே நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து மூணு மையாலேயும் ஆறு பேரும் எகிப்தோட அலெக்சாண்டிரியா துறைமுகத்துக்குள்ள போனாங்க. மறுநாள் காலையில குயின் எலிசபெத், வேலியன்ட்ங்கிற ரெண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பலும் பலத்த சேதத்தோட துறைமுகத்துத் தரையில உட்கார்ந்துடுச்சு. ஆறு பேரும் பிடிபட்டாங்க. அவங்க சேர்ந்திருந்த டெசிமா மாஸ் படைப்பிரிவு மாதிரியான ஆட்களுக்காகத்தான் பனேராய் இந்த வாட்ச்களைத் தயார் பண்ணியது.

இதுல ஒரு சங்கடமும் இருக்கு. ரோலெக்ஸை ஆரம்பிச்ச ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப், ஜெர்மனியில பிறந்து பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினவர். கம்பெனியை 1905-ல ஆரம்பிச்சதே லண்டன்லதான். அதே போர்க்காலத்துல, ஜெர்மன் முகாம்கள்ல கைதியா இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு, போர் முடிஞ்சப்புறம் பணம் குடுத்தா போதும்னு சொல்லி அவர் வாட்ச் அனுப்பினார். அவரோட கம்பெனியில இருந்து போன கேஸ்கள் இன்னொரு பக்கம் பிரிட்டனோட எதிரிக் கப்பற்படைக்கு வாட்ச்சா மாறின. பாகங்கள் பல கை மாறிப் போற தொழில்ல, கடைசியில அது யாரோட மணிக்கட்டுக்குப் போகுதுங்கிறதுக்கு யார் பொறுப்பு? நம்ம தொழில்லயும் இந்தக் கேள்வி இன்னும் தீரல.

போருக்கு அப்புறம் பனேராய் அடுத்த பிரச்சினைக்கு வந்தது. தண்ணி உள்ள வர்றதுக்கு ரொம்ப வசதியான இடம், சாவி குடுக்குற திருகு. தினமும் திருகத் திருக அதோட அடைப்பு தேயும். தீர்வு ரெண்டு வழியா வந்தது. ஒரு தடவை சாவி குடுத்தா 8 நாள் ஓடுற எந்திரத்தை லெ லோக்ல் ஊர்ல இருந்த ஆஞ்செலுஸ் கம்பெனிகிட்ட வாங்கினாங்க. அப்புறம், திருகை அழுத்திப் பிடிக்கிற ஒரு சின்ன நெம்புகோலையும் அதைச் சுத்தி அரைவட்டப் பாலத்தையும் கேஸ்ல பொருத்தினாங்க. இன்னிக்கு பனேராய்னாலே எல்லாரும் அடையாளம் சொல்ற அந்தப் பாலம், அடைப்பு தேயாம இருக்கறதுக்காக வந்தது.

பேரை மாத்திக்கிட்டு அமெரிக்கா போன வாட்ச்

அடுத்த கதை 1950-கள்ல பிரான்ஸ்ல ஆரம்பிக்குது. பிரெஞ்சு ராணுவத்துல போர் நீச்சல் வீரர்களுக்குன்னு ஒரு பிரிவு உருவாச்சு. அதுக்குப் பொறுப்பா இருந்தவங்க ராபர்ட் மலுபியே, குளோட் ரிஃபோ. மலுபியே, ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டனோட ரகசியப் படைக்காக பிரான்ஸ்ல வேலை பார்த்தவர். சந்தையில கிடைச்ச வாட்ச் எதுவும் அவங்களுக்குச் சரிப்படல. அதனால தங்களுக்கு என்ன வேணும்னு அவங்களே ஒரு பட்டியல் போட்டாங்க. கறுப்பு டயல், பெரிய தெளிவான எண்கள், இருட்டுல ஒளிருற குறிகள், தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் இருந்தோம்னு காட்டுற சுழல் வளையம்.

இந்தப் பட்டியலுக்கு ஒத்து வந்தது பிளாங்பேன். காரணம், அதோட தலைமையில இருந்த ஷான்-ஷாக் ஃபீக்டரே ஒரு டைவர். ஒருமுறை தெற்கு பிரான்ஸ் கடல்ல நேரம் போனது தெரியாம காற்று தீர்ந்து, அவசர அவசரமா மேல வந்திருக்கார். அந்த அனுபவத்துக்கு அப்புறம் தனக்காகவே ஒரு வாட்ச்சை யோசிச்சுக்கிட்டிருந்தார். சுழல் வளையம் பாறையில இடிச்சுத் தானா நகரக் கூடாது, திருகுக்கு ரெண்டு அடைப்பு வேணும், இதெல்லாம் அவரோட யோசனை. 1953-ல வந்த அந்த வாட்ச்சுக்கு ஃபிஃப்டி ஃபேதம்ஸ்னு பேரு. ஃபேதம்ங்கிறது கடலாழத்தை அளக்குற பழைய அளவு. 50 ஃபேதம்னா சுமார் 91 மீட்டர்.

எந்திரம்? கிரென்ஷென் ஊர்ல இருந்த ஏ. ஷில்டு கம்பெனியோட தானியங்கி மூவ்மென்ட். பல சுவிஸ் பிராண்டுகளுக்கு எந்திரம் குடுத்த பெரிய சப்ளையர் அது.

இப்போ பேரு விஷயத்துக்கு வருவோம். பிளாங்பேனோட சட்டப்படியான பேரு அப்போ பிளாங்பேன் இல்லை. 1932-ல குடும்பத்தோட கடைசி முதலாளி இறந்ததும், அங்கேயே வேலை பார்த்த பெட்டி ஃபீக்டர்ங்கிற பெண்மணி இன்னொருவரோட சேர்ந்து கம்பெனியை வாங்கினாங்க. நம்ம ஷான்-ஷாக் அவங்க அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. பிளாங்பேன் குடும்பத்து ஆளே இல்லாம அந்தப் பேரை வச்சுக்க அன்றைய சட்டம் விடல. அதனால வில்லரேங்கிற சொந்த ஊர்ப் பேரைத் திருப்பிப் போட்டு ரேவில்னு பதிவு பண்ணாங்க. டயல்ல பிளாங்பேன், பத்திரத்துல ரேவில்.

இந்தப் பேரு பின்னாடி ஒரு வேடிக்கைக்குப் பயன்பட்டது. 1960-கள்ல அமெரிக்கக் கப்பற்படைக்கு டைவ் வாட்ச் வேணும். கண்ணிவெடி பக்கத்துல போறவங்களுக்கு வாட்ச்ல காந்தத் தன்மை மிகக் குறைவா இருக்கணும்னு எழுத்துல நிபந்தனை போட்டாங்க. ஃபிஃப்டி ஃபேதம்ஸ் இதுக்குப் பொருத்தம். ஆனா அரசுக் கொள்முதல்ல அமெரிக்கத் தயாரிப்புக்கு முன்னுரிமை குடுக்கணும்னு 1933-ஆம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு குறுக்க நின்னது. நியூயார்க்ல பிளாங்பேனை இறக்குமதி பண்ணின ஆலன் டோர்னெக் தன் பேரை முன்னாடி வச்சார். ரேவில் பின்னாடி வந்தது. டோர்னெக்-ரேவில்! கேட்டா நியூயார்க்ல இருக்குற கம்பெனின்னு நினைப்போம். உடம்பு அப்பட்டமான சுவிஸ்.

டயல்ல ஈரம் உள்ள வந்தா நிறம் மாறுற ஒரு சின்ன வட்டம். பின்மூடியில கதிரியக்க எச்சரிக்கை, கண்டெடுத்தா பக்கத்துல இருக்குற ராணுவ நிலையத்துல ஒப்படைக்கச் சொல்லி ஒரு வாசகம். ஒளிருறதுக்கு ப்ரோமெத்தியம்ங்கிற கதிரியக்கப் பொருளைப் பயன்படுத்தியிருந்தாங்க. அதனாலயே பயன்பாடு முடிஞ்சதும் பெரும்பாலானதைக் கதிரியக்கக் கழிவா அழிச்சுட்டாங்க. மிஞ்சினது ரொம்பக் கொஞ்சம். இன்னிக்கு ஏலத்துல அதோட விலை ஏறுறதுக்கும், போலிகள் வர்றதுக்கும் அதுதான் காரணம்.

நம்ம நேயரோட வாட்ச்

இப்போ டியூடர். இதையும் ஆரம்பிச்சவர் அதே வில்ஸ்டோர்ஃப்தான். ரோலெக்ஸோட நம்பகத்தன்மை, ஆனா குறைஞ்ச விலை. அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி நேரடியானது. தண்ணி உள்ள விடாத கேஸ், பின்மூடி, திருகு எல்லாம் ரோலெக்ஸ் குடுக்கும். உள்ள இருக்குற எந்திரத்தை மட்டும் வெளியில வாங்கிக்கலாம். முதல்ல ஃப்ளூரியே ஊர்ல இருந்து வந்தது, பின்னாடி ஈடிஏ.

டைவருக்கு உயிர் போற விஷயம் தண்ணி உள்ள வர்றது. அதனால காசை அங்க போட்டாங்க. எந்திரம் நல்லா ஓடினா போதும், எல்லா ஊர்லயும் ரிப்பேர் பண்ண முடிஞ்சா இன்னும் நல்லது. பிரெஞ்சுக் கப்பற்படை 1950-கள்லயே டியூடர் சப்மரைனரைச் சோதிச்சுப் பார்த்து, அப்புறம் பல வருஷம் வாங்கினாங்க. 1970-கள்ல வந்த பலதுல பின்மூடியில எம்.என். எழுத்தும், வருஷத்தோட கடைசி ரெண்டு எண்ணும் பொறிச்சிருக்கும். பட்டை இல்லாம வந்த வாட்ச்சுக்கு, பாராசூட்ல இருக்குற எலாஸ்டிக் நாடாவை வெட்டி வீரர்களே பட்டை தச்சுக்கிட்டதும் உண்டு.

ஆக, நேயரே, டயல்ல டியூடர், திருகுல ரோலெக்ஸ், உள்ள ஈடிஏ. இது ஒட்டுப்போட்டது இல்ல. அந்தக் காலத்து டியூடர் தொழிற்சாலையில இருந்து அப்படித்தான் வெளிய வந்தது. மூணு இடத்துலயும் டியூடர்னே இருந்திருந்தாதான் நான் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்.

ஆனா இதுக்கு மறுபக்கம் ஒண்ணு இருக்கு. மூணு பேரும் சரியா இருக்குறதால அது அசல் டியூடரா இருக்கலாம். கப்பற்படை வாட்ச்னு அது நிரூபிக்கல. கடையில பொதுமக்கள் வாங்கினதும் அதே பாகங்கள்தான். பின்மூடியில நாலு எழுத்து பொறிக்கிறதுக்கு ஒரு சாயங்காலம் போதும்.

பிரிட்டிஷ் வீரர்களுக்கு ரோலெக்ஸ் குடுத்த சப்மரைனரை எடுத்துக்குங்க. சேகரிக்கிறவங்க மில்சப்னு சொல்லுவாங்க. கடையில வித்ததுக்கும் அதுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். வாள் மாதிரி அகலமான முள், 60 நிமிஷமும் கோடு போட்ட வளையம், டயல்ல வட்டத்துக்குள்ள டி எழுத்து, பட்டை கழன்று விழாம இருக்கக் கேஸோட சேர்த்தே பற்ற வச்ச கம்பி. பின்மூடியில அரசுச் சொத்துன்னு காட்டுற அகன்ற அம்புக்குறியும் படை எண்களும். இதுல முள்ளையும் வளையத்தையும் எவரும் மாத்திடலாம். அதனால ஒரு பாகத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. கேஸ் எண், எந்திரத்தோட காலம், பொறிச்ச வருஷம், படையில இருந்து விடுவிச்ச காகிதம் இருந்தா அதுல இருக்குற எண், எல்லாம் ஒரே கதையைச் சொல்லணும்.

ஒளிருற பெயின்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை

இதைச் சொல்லாம முடிக்க முடியாது. பழைய வாட்ச்ல ஒளி மங்கிடுச்சுன்னா ஆபத்து போயிடுச்சுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ரேடியத்தோட அரை ஆயுள் சுமார் 1,600 வருஷம். மங்கினது அதோட சேர்த்த துத்தநாக சல்பைடு. ரேடியம் அப்படியேதான் இருக்கு. அந்தக் காலத்து வாட்ச்சை வீட்டுல திறந்து சுரண்டாதீங்க, அந்தத் தூசி மூச்சுல போகக் கூடாது. கதிரியக்க டயலைக் கையாளத் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க.

"யார் செஞ்சாங்க?"ங்கிற கேள்விக்கு எந்த டயல்லயும் எழுதாத ஒரு பதிலும் இங்கதான் இருக்கு. அமெரிக்காவுல முதல் உலகப்போர் காலத்துல ராணுவத்துக்கு ஒளிரும் டயல் தேவைப்பட்டப்போ, அதைப் பூசினது பெரும்பாலும் இளம் பெண்கள். தூரிகை நுனி கூர்மையா இருக்க, உதட்டுல வச்சு நனைக்கச் சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரேடியம் உள்ள போச்சு. தாடை எலும்பு அழுகி, பலர் இறந்தாங்க. நியூஜெர்சியில அஞ்சு பெண்கள் போட்ட வழக்கு 1928-ல சமரசத்துல முடிஞ்சது. அந்த அஞ்சு பேரோட போராட்டம்தான் தொழிற்சாலைப் பாதுகாப்பு பத்தி அந்த நாட்டைப் பேச வச்சது.

கடைசியா என்ன ஆச்சு?

நேயருக்கு நான் எழுதின பதில் சின்னது. விக்கிறவர்கிட்ட நாலு விஷயம் கேளுங்கன்னேன். பட்டையைக் கழட்டி, ரெண்டு கொம்புக்கு நடுவுல இருக்குற கேஸ் எண்ணோட போட்டோ. பின்மூடியோட உள்பக்கப் போட்டோ. எந்திரத்தோட தெளிவான போட்டோ. படையில இருந்து வந்ததுக்கு ஏதாவது காகிதம்.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி மெயில் வந்தது. கேஸ் எண் போட்டோ வந்திருக்கு. அந்த எண் சொல்ற காலம், பின்மூடியில பொறிச்ச வருஷத்துக்குப் பிறகு வருது. வாட்ச் செய்யறதுக்கு முன்னாடியே கப்பற்படைக்கு வந்துடுச்சாம்! அதைச் சுட்டிக்காட்டின மெசேஜுக்கு அப்புறம் விக்கிறவர்கிட்ட இருந்து சத்தமே இல்லை. காசு இன்னும் நேயரோட வங்கிக் கணக்குல பத்திரமா இருக்கு.

அவர் கடைசியா எழுதினது: "மூணு பேரு இருந்ததைப் பார்த்துதான் ப்ரோ பயந்தேன். தப்பு இருந்தது ரெண்டு நம்பர்ல."

உங்ககிட்டயும் இப்படி ஏதாவது பழைய வாட்ச் இருந்தா போட்டோவோட மெயில் பண்ணுங்க. பின்மூடியை மட்டும் நீங்களே திறக்காதீங்க.